நாலாவது சுண்டெலிக்கு என்ன தெரியும்?

நலக் கண்காணிப்புத் தாள் என்று ஒன்று உண்டு. சோதனைப் பிராணிகளை வளர்க்கும் ஆய்வக அனிமல் ஹவுஸில், சுண்டெலிக் கூண்டுகள் அடுக்கிய தட்டின் ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கும். ரோமம், எடை, நடை, கண், காயம், தொட்டால் விலகுகிறதா என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். எல்லாம் நன்றாக இருந்தால் 0. கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதற்கும் மேலே போனால் அந்த எலியை மேலும் துன்பப்படவிடாமல் முடித்துவிட வேண்டும். ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் தினமும் காலை பத்து மணிக்குப் போய் 0, 0, 0 என்று எழுதிக்கொண்டே போவேன், வாத்தியார் வருகைப் பதிவேட்டில் கோடு இழுப்பதைப் போல.

பொய் எழுதவில்லை. நான் பார்த்த நேரத்தில் எந்த எலியும் நொண்டவில்லை, ரோமம் சிலிர்த்து நிற்கவில்லை. பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி. காலை பத்து மணிக்கு அதன் நலனை விசாரிப்பது, நள்ளிரவில் ஒருவர் வீட்டுச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, 'ஆள் அமைதியாகத்தான் இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு போவது மாதிரி. அப்போது இதெல்லாம் தோன்றவில்லை. 0 என்பது நல்ல எண். வேலை குறைவு.

அந்த 0 உறுத்த ஆரம்பித்தது வேறோர் எண்ணால்.

ஆறு மாதமும் ஒரு வரைபடமும்

அன்று நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு மருந்துப் பரிசோதனை. எந்த மருந்து என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அதைத் தொடர்ந்து கொடுத்தால் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. மனிதனுக்குக் கார்ட்டிசால் எப்படியோ, எலிக்கும் சுண்டெலிக்கும் கார்ட்டிகோஸ்டீரோன் அப்படி. மிரட்சி வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்லும், அது ஹார்மோனை இரத்தத்தில் விடும். 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடம்பில் மொத்த இரத்தமே 2 மில்லிக்குள்தான். அதிலிருந்து ஒரு சில துளிகளை வால் நுனியில் எடுத்து, ஹார்மோன் அளக்கும் எலைசா சோதனைத் தட்டில் போட்டு அளப்போம்.

கூண்டுக்கு நான்கு எலிகள். காதில் துளையிட்டு 1, 2, 3, 4 என்று அடையாளம். 1க்கும் 2க்கும் வெறும் உப்புநீர் ஊசி, 3க்கும் 4க்கும் மருந்து. ஒரே கூண்டில் இரண்டு குழுவும் இருந்தால் கூண்டுக்குக் கூண்டு இருக்கும் வித்தியாசம் கணக்கைக் கெடுக்காது என்பது என் யோசனை. என் ஆய்வு வழிகாட்டி அதைப் பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் கர்வம்தான். ஆறு மாதம் கழித்து வரைபடம் போட்டபோது கண்ணைப் பறித்தது. உப்புநீர் எலிகளுக்கு அளவு பத்துகளில் நின்றது, மருந்து எலிகளுக்கு நூறுகளில் ஏறியிருந்தது. அதிலும் 4ஆம் எண் எலிகள் 3ஆம் எண்ணை விடவும் மேலே. ஒரு கருத்தரங்குக்குப் போஸ்டர் தயாரானது.

எங்கள் அனிமல் ஹவுஸில் கூண்டு கழுவி, படுக்கைத் துகள் மாற்றி, தண்ணீர் வைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். அவருக்குக் கைராசி என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அவர் பார்க்கும் தட்டில் தாய் எலிகள் குட்டிகளைத் தின்பது குறைவு, சண்டைக் காயம் குறைவு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கைராசி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? அவரிடம்தான் பெருமையாகச் சொன்னேன்:

"மருந்து குடுத்த எலிக்கெல்லாம் ஸ்ட்ரெஸ் ஏறுதுக்கா. நம்ம ஊகம் சரியாப் போச்சு."

அவர் கூண்டு மூடியைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "மருந்துக்கா ஏறுது? கடைசியா எடுக்கிறது எப்பவும் அப்படித்தானே தம்பி துள்ளும். மூணு பேரைத் தூக்கிட்டுப் போனது நாலாவதுக்குத் தெரியாதா?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். நல்லவேளை, ஒவ்வொரு துளி இரத்தத்துக்கும் நேரம் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. கூண்டு தட்டிலிருந்து இறங்கியது 10.02. முதல் எலி 10.03. இரண்டாவது 10.07. மூன்றாவது 10.11. நாலாவது 10.15. எல்லாப் பக்கத்திலும் ஏறக்குறைய இதே இடைவெளி, இதே வரிசை. ஏனென்றால் நான் ஒழுங்கானவன். 1, 2, 3, 4 என்றுதான் எடுப்பேன்.

கூண்டை அசைத்ததிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் இரத்தம் எடுத்துவிட்டால், அந்த எலி நாம் வருவதற்கு முன் எப்படி இருந்ததோ அந்த அளவு கிடைக்கும். அதற்குமேல் ஆனால் நாம் வந்ததால் ஏறியதும் சேர்ந்துகொள்ளும். இது பாடத்தில் உள்ளதுதான். எலியைக் கையில் பிடித்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுவதாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் தட்டிலிருந்து கூண்டை இழுத்த சத்தத்திலேயே அது ஓடத் தொடங்கிவிட்டது. முதல் எலிக்கு ஒரு நிமிடம், நாலாவதுக்குப் பதின்மூன்று நிமிடம்.

நடுவில் ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். ஜூனியர் பையன் ஒருவன் எனக்காகச் செய்திருந்தான். அவனுக்கு வரிசையெல்லாம் கிடையாது. கைக்கு அகப்பட்டதை எடுத்திருக்கிறான். அதற்காக அப்போது அவனைத் திட்டியும் இருக்கிறேன். அந்த வாரப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, மருந்தா உப்புநீரா என்பதை மறந்துவிட்டு, எடுத்த நேரத்தையும் ஹார்மோன் அளவையும் மட்டும் புள்ளி வைத்துப் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி ஏறியது. அதே புள்ளிகளை மருந்து, உப்புநீர் என்று பிரித்தேன். வித்தியாசமே இல்லை.

மறுநாள் வேறு எதுவும் செய்யாமல், புதிதாகச் சில கூண்டுகளில் 4, 3, 2, 1 என்று எடுத்தேன். முடிவு வந்தபோது வெறும் உப்புநீர் போட்ட எலிகள் 'பதற்றமாக' இருந்தன. மருந்து நிரபராதி. ஆறு மாதமாக நான் அளந்துகொண்டிருந்தது என் கையை. வழிகாட்டியிடம் இரண்டு வரைபடங்களையும் வைத்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "போஸ்டரை நிறுத்தச் சொல்லு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. 1936இல் ஹான்ஸ் செல்யே, 'நேச்சர்' இதழில் ஒரு பக்கத்துக்கும் குறைவான கடிதத்தில்தான் ஸ்ட்ரெஸ் ஆராய்ச்சி முழுவதற்கும் கால்கோள் இட்டார். மாண்ட்ரியலில் எலிகளுக்குச் சினைப்பைச் சாற்றை ஊசி போட்டுப் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். அட்ரீனல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். ஆனால் வேறு உறுப்புகளின் சாற்றைப் போட்டாலும் அதே மூன்றும் வந்தன. குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும் அதேதான். போட்ட சரக்கு முக்கியமில்லை, உடம்பு பட்ட பாடுதான் முக்கியம் என்று அவருக்குப் புரிந்தது. அவருக்கு அது ஒரு துறையே ஆனது. எனக்கு ஆறு மாத வேலை போனது.

1999இல் 'சயின்ஸ்' இதழில் கிராப், வால்ஸ்டன், டுடெக் மூவரும் வெளியிட்ட ஆய்வும் அப்போதுதான் கண்ணில் பட்டது. போர்ட்லண்ட், ஆல்பனி, எட்மண்டன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே இனச் சுண்டெலிகள், ஒரே கருவிகள், ஒரே வயது, ஒரே நேரத்தில் ஒரே சோதனைகள். முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். அப்படியும் சில சோதனைகளில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறியது. எல்லாவற்றையும் ஒன்றாக்கலாம், எடுக்கும் கையை ஒன்றாக்க முடியாதே என்று எனக்குப் பட்டது. அது என் ஊகம். என் நிலையில் இருந்தவன் வேறு எப்படி ஊகிப்பான்?

ஹார்மோன் சொல்லாதது

வரிசையைக் கலைத்தோம். கூண்டைத் தொட்டு மூன்று நிமிடத்துக்குள் இரண்டு எலிதான் முடியும் என்றால் இரண்டோடு நிறுத்தினோம். எண்கள் ஒழுங்குக்கு வந்தன. ஆனால் எனக்கு நம்பிக்கை திரும்பவில்லை. அளவு சரியாக இருந்தாலும் அது எதன் அளவு என்ற கேள்வி பாக்கி இருந்தது.

கார்ட்டிகோஸ்டீரோன் நிலையாக நிற்பதே இல்லை. இரவுப் பிராணிகளுக்கு விளக்கு அணையும் வேளையில் தானாகவே உச்சத்துக்குப் போகும். எலிகளில் கிட்டத்தட்ட மணிக்கு ஒரு தரம் அலையடித்து ஏறி இறங்கும். இணை சேரும்போதும் ஏறும். அப்படி ஏறுவதைத் துன்பம் என்று யார் சொல்வார்? இன்னொரு பக்கம், வாரக்கணக்கில் தொடர்ந்து அல்லல்படும் பிராணியில் அது பழைய அளவுக்கே திரும்பி, சில சமயம் அதற்கும் கீழே போய்விடுவதும் உண்டு. பயந்தவனுக்கும் ஏறும், மகிழ்ந்தவனுக்கும் ஏறும், நொந்தே போனவனுக்கு ஏறாமலும் இருக்கும். இதை ஒற்றை எண்ணாக எழுதி 'நலம்' என்று தலைப்புப் போடுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

புழுக்கையில் இருந்து அளக்கும் முறை நல்ல முறை, அதைக் குறை சொல்ல மாட்டேன். எலியைத் தொடவே வேண்டாம். முந்தைய சில மணி நேரத்தின் கூட்டுக் கணக்கு அதில் இருக்கும், அலையெல்லாம் சமமாகிவிடும், நம் கை பட்டு ஏறுவதற்குள் மாதிரி கைக்கு வந்துவிடும். ஆனால் அதுவும் எவ்வளவு என்றுதான் சொல்கிறது. எப்படி இருந்தது என்று சொல்வதில்லை.

வால், குழாய், முகம்

சுண்டெலியைப் பெரும்பாலும் தூக்குவது வாலைப் பிடித்துத்தான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வேகமானது, கடி வாங்க வேண்டாம். தூக்கிய மாத்திரத்தில் கால் நான்கும் விரிந்து காற்றில் தேடும், மூத்திரம் சொட்டும், கையுறையில் இரண்டு புழுக்கை விழும். அதை 'சுண்டெலி இயல்பு' என்று நினைத்திருந்தேன். 2010இல் லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் இதைச் சோதித்தார்கள். சில எலிகளை வாலில் தூக்கினார்கள், சிலவற்றைக் கை குவித்து எடுத்தார்கள், சிலவற்றை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போகவிட்டுக் குழாயோடு எடுத்தார்கள். குழாயில் போன எலிகளும் குவித்த கையில் வந்தவையும் பிறகு தாமாகவே ஆளை அணுகின, பதற்றச் சோதனைகளில் நிதானமாக இருந்தன. வால் எலிகள் ஒதுங்கின, மூத்திரமும் புழுக்கையும் அவற்றுக்கே அதிகம். ஒரு துண்டுக் குழாய்! இன்னமும் வாலைப் பிடிக்கும் ஆய்வகங்கள் சொல்லும் ஒரு காரணம் நேரமில்லை என்பது. அந்த அவசரத்தில் எத்தனை பேர் என்னைப் போல ஆறு மாதத்தைத் தொலைத்தார்களோ.

அக்கா வாலைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் அள்ளிக் குடிக்கக் குவிப்பது போல இரண்டு கையையும் குவித்து, கூண்டுத் தரையில் வைத்துக் காத்திருப்பார். ஏறினால் தூக்குவார். கைராசியில் பாதிக்கு அங்கேயே விளக்கம் இருந்தது. மீதிப் பாதிக்கு 2014இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு விளக்கம் வந்தது: ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தால், ஏன், ஆண் அணிந்த டி-சர்ட் பக்கத்தில் கிடந்தாலே, எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் ஸ்ட்ரெஸ் ஏறுகிறது, அதனால் வலியைக் காட்டுவதும் குறைகிறது. எங்கள் அறையில் ஆராய்ச்சி செய்த அத்தனை பேரும் ஆண்கள்.

அதே மெக்கிலில் ஜெஃப்ரி மோகிலின் குழுவினர் 2010இல் வகுத்ததுதான் சுண்டெலி முகச்சுளிப்பு அளவுகோல். கண் இடுங்குவது, மூக்கு புடைப்பது, கன்னம் உப்புவது, காதின் நிலை, மீசை என்று ஐந்து இடங்களை 0, 1, 2 என மதிப்பிட வேண்டும். கற்றுக்கொண்டபோது பிரமிப்பாக இருந்தது. அத்தனை நாள் எலிக்கு முகம் இருப்பதையே நான் கவனிக்கவில்லை. வலியில் காது பின்னுக்கு இழுபட்டு, இரண்டு காதுக்கும் நடுவே இடைவெளி கூடும். கண் முழுக்க மூடாமல், வெயிலில் நிற்பவரைப் போல இடுங்கும். ஆனாலும் இதைக் கூண்டு முன்னால் நின்று செய்தால் பயன் குறைவு. ஆள் பார்க்கிறான் என்றால் இரையாகும் பிராணி வலியை மறைக்கும், உறைந்து நிற்கும். தூங்கும் எலிக்கும் கண் இடுங்கித்தான் இருக்கும். அதனால் ஆளில்லாமல் வீடியோ எடுத்து, எது எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் படம் படமாகப் பார்ப்பதே நல்லது. மறுபடியும் பிரச்சினை நாம்தான்.

சிவப்பு விளக்கு

போஸ்டர் நின்றுபோன சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அனிமல் ஹவுஸுக்குப் போனேன். சுண்டெலிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. சிவப்பு டார்ச்சோடு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பகலில் பஞ்சு மூட்டை மாதிரி கிடந்த அறை அப்போது சந்தையாக இருந்தது. கொறிக்கும் சத்தம், தண்ணீர்க் குழலின் உருண்டை கிளிக் கிளிக்கென்று உருளும் சத்தம், துகளைத் தோண்டும் சத்தம்.

கீழ்த்தட்டில் ஒரு கூண்டில், காதில் 2ஆம் எண் துளை போட்ட எலி, மூலையில் நின்று மூடிக் கம்பியைப் பிடித்துப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டது. விழுந்த இடத்திலிருந்தே எழுந்து மறுபடி கம்பி, மறுபடி கரணம். விளையாடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எண்ண ஆரம்பித்தேன். முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே மூலை, அதே கம்பி, அதே கால் முதலில். மற்ற மூன்றும் சாப்பிட்டன, ஒன்றையொன்று நக்கிக்கொடுத்தன. இது நிறுத்தவே இல்லை. நான் கிளம்பும்போதும் போட்டுக்கொண்டிருந்தது.

காலையில் அதன் தாளைப் பார்த்தேன். நான்கு வாரமாக 0. என் கையெழுத்து. கார்ட்டிகோஸ்டீரோன் அளவையும் தேடி எடுத்தேன். மற்ற எலிகளைப் போலத்தான் இருந்தது.

பிராணியிடமே கேட்கிற மாதிரி ஒரு சோதனை இருக்கிறது. 2004இல் எம்மா ஹார்டிங், எலிசபெத் பால், மைக்கேல் மெண்டல் மூவரும் எலிகளில் செய்தது. ஓர் ஒலி கேட்டால் நெம்புகோலை அழுத்த வேண்டும், தீனி வரும். இன்னோர் ஒலி கேட்டால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் காதைக் கிழிக்கும் இரைச்சல். இரண்டும் பழகிய பிறகு நடுவாந்தரமான ஓர் ஒலியைக் கேட்க வைப்பார்கள். தீனியா, இரைச்சலா? நிலையில்லாத சூழலில், கூண்டு சாய்ந்தும் படுக்கை நனைந்தும் எது எப்போது என்று தெரியாமல் வாழ்ந்த எலிகள், தீனி ஒலிக்குக் கிட்டத்தில் இருந்த ஒலிக்குக்கூடத் தயங்கின, குறைவாகவே அழுத்தின. நல்லது வரும் என்ற எதிர்பார்ப்பே குறைந்துவிட்டது. இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. பழக்க வாரக்கணக்கில் ஆகும், தினசரித் தாளுக்கு உதவாது என்பது வேறு விஷயம்.

தினசரிக்கு அக்கா பார்க்கும் கணக்கு ஒன்று இருந்தது. கூடு. அழுத்திய பஞ்சுச் சதுரம் ஒன்றைப் போட்டால் நன்றாக இருக்கும் சுண்டெலி விடிவதற்குள் அதைக் கிழித்து, மேலே மூடிய குடிசை மாதிரி கட்டிவிடும். அறை 20 முதல் 24 டிகிரி. அது நமக்கு இதம். சுண்டெலி உடம்பைச் சூடாக்கச் செலவழிக்காமல் இருக்க 30 டிகிரியை ஒட்டி வேண்டும். கூடு அதற்கு ஆடம்பரம் இல்லை, போர்வை. வலியிலோ நோயிலோ இருப்பது அந்த வேலையைத்தான் முதலில் விட்டுவிடும். பஞ்சைத் தொடவே இல்லை என்றால் 1, முழுக்கூடு என்றால் 5 என்று மதிப்பெண் முறையே உண்டு. இரவில் நடந்ததன் தடயம் காலை பத்து மணிக்கும் அங்கேயே இருக்கும். யாரும் எலியைத் தொட வேண்டாம்.

எங்கள் தாளில் கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தோம். அந்தக் கட்டத்தை மட்டும் அக்கா நிரப்புவார். எண் எழுதச் சொன்னால் எண்ணும் எழுதுவார், பக்கத்தில் இரண்டு வார்த்தையும் எழுதுவார். நான் அங்கிருந்து கிளம்பிய வாரத்துத் தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நான் நிரப்பிய கட்டங்கள் எல்லாம் 0. கடைசிக் கட்டத்தில் அவர் கையெழுத்து: 'கூடு 2. நேத்து 5. மூணாவது எலி தனியாப் படுத்திருக்கு. ராத்திரி யாராச்சும் பாருங்க.'